மனச்சோர்வில் 14 மாதங்கள்: தூக்கத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சரிசெய்யப் பார்த்தேன்

2021 ஜூலையில் இரவுப் பணிக்கு ஒப்புக்கொண்டபோது என் கணக்கு எளிமையாக இருந்தது. கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். ஸ்ரீரங்கத்து வீட்டில் நான், மாமியார், அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த மகன் என மூன்று பேர். மெடிக்கல் பில்லிங் நிறுவனத்தில் ஏஆர் காலிங் வேலை கிடைத்தது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்து, மருத்துவமனைக்கு வரவேண்டிய தொகை ஏன் வரவில்லை என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அவர்களுக்குப் பகல் என்பதால் நமக்கு இரவு. மாலை 6:30க்கு உட்கார்ந்தால் அதிகாலை 3:30க்கு எழலாம். வீட்டிலிருந்தே செய்யலாம். இரவுப் பணிக்காக மாதம் 4,500 ரூபாய் கூடுதல். பகலில் மகனைப் பார்த்துக்கொள்ளலாம், இரவில் சம்பாதிக்கலாம், கிடைத்த நேரத்தில் தூங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தக் கடைசி வரியில்தான் என் கணக்கு தப்பியது. யாராவது அப்போதே என்னை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இரண்டு வருட வேதனை குறைந்திருக்கும். அதற்காகத்தான் எல்லாவற்றையும் கூச்சப்படாமல் எழுதுகிறேன்.

என் தூக்கம் எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை 3:30க்கு முடிந்தாலும் தலைக்குள் பேச்சு ஓய 4:30 ஆகிவிடும். 6:30க்கு எழுந்து மகனுக்குச் சோறு கட்டி, 8 மணி வேனில் ஏற்றிவிட வேண்டும். பிறகு 9 மணிக்குப் படுப்பேன். கீரைக்காரர் குரல், கேஸ் சிலிண்டர், கோவிலுக்கு வந்த உறவினர், எதிர்வீட்டு மிக்சி என்று ஏதாவது ஒன்று எழுப்பிவிடும். இரண்டு துண்டாக நாலரை மணி நேரம் தூங்கியிருந்தால் அது நல்ல நாள். சனி, ஞாயிறு மட்டும் இரவில் படுப்பேன், ஆனால் உடம்பு விழித்துக்கொண்டே கிடக்கும். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. களைப்பு என்றுதான் நினைத்தேன். குடும்பப் பெண்கள் எல்லோருக்கும் களைப்புதானே.

2023 பிப்ரவரியில் கோலம் போடுவது நின்றது. அதுதான் முதல் அடையாளம் என்று இப்போது தெரிகிறது, அன்று தெரியவில்லை. எட்டு வயதில் பாட்டி கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தது அது. இரவுப் பணிக்கு வந்த பிறகும் மகன் எழுவதற்கு முன் வாசலில் ஒரு சிக்குக் கோலம் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். ஒரு நாள் புள்ளி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எந்தப் புள்ளியிலிருந்து இழையைத் தொடங்குவது என்று தெரியவில்லை. மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. போட்டு என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் கல் மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டது. மறுநாள் முதல் மாமியார், முழங்கால் வலியோடு, குனிந்து இரண்டு கோடு இழுத்துவிட்டுப் போவார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்து போய் வாங்கிப் போட வேண்டும் என்று தோன்றும், உடம்பு நகராது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. மதுரையில் இருக்கும் தங்கை அழைத்தால் எடுக்கமாட்டேன், பிறகு பேசுகிறேன் என்று செய்தி அனுப்புவேன், பேசமாட்டேன். வெயில் முகத்தில் பட்டு வாரக்கணக்காகியிருக்கும். காலை உணவு போயிற்று. வேலை நேரத்தில் ஐந்து டம்ளர் காபி, நள்ளிரவில் மிக்சர், பிஸ்கட். ஆறு கிலோ இறங்கினேன். பார்த்தவர்கள் எல்லோரும் “நன்றாக இளைத்துவிட்டாயே, என்ன செய்தாய்?” என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுதான் என்னை ரொம்ப நாள் ஏமாற்றியது. காரணமில்லாமல் எடை குறைந்தால் பாராட்டை வாங்கிக்கொண்டு சும்மா இருக்காதீர்கள், ஏன் குறைந்தது என்று பாருங்கள். எடை ஏறுவதும் அப்படித்தான். மனச்சோர்வில் சிலருக்குப் பசி அடங்கிவிடும், சிலருக்கு அடங்காமல் எடுக்கும்.

அழுகை வந்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. மகன் ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கிவந்து காட்டினான், “சூப்பர்டா கண்ணா” என்று வாய் சொன்னது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. அந்த நாள் இரவு முழுவதும் நான் ஒரு கெட்ட தாய் என்ற எண்ணம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மனச்சோர்வு என்றால் துக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததால் எனக்கு அது இல்லை என்று முடிவுகட்டியிருந்தேன். துக்கமோ, இப்படி எதிலும் பிடிப்பற்ற வெறுமையோ, இரண்டில் ஒன்று இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். எனக்கு இரண்டு வாரம் இல்லை, அது 14 மாதம் இருந்தது.

அந்த 14 மாதமும் நான் சும்மா இருக்கவில்லை என்பதுதான் வேதனை. என் பழக்கவழக்கம் கெட்டுவிட்டது, அதைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகும் என்று முடிவுசெய்தேன். அந்த முடிவில் பாதி உண்மை இருந்தது. செய்த விதம்தான் முழுக்கத் தவறு. முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு வருடச் சந்தா 12,000 ரூபாய் கட்டினேன். ஒரு வருடத்துக்குக் கட்டினால் கட்டாயம் போவேன் என்று நினைத்தேன். 11 நாள் போனேன். பன்னிரண்டாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தவள் முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அடுத்தது உணவு. கைபேசியில் பார்த்த ஒரு திட்டத்தில் மூன்று மாதத்துக்குப் புரதப் பொடி, நச்சு நீக்கும் பொடி, வாரம் ஒரு முறை ஆலோசகர் அழைப்பு எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய். பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டு அதே 4:30க்குத்தான் படுத்தேன். அந்த ஆலோசகர் மூன்று மாதத்தில் ஒரு முறைகூட நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

2023 நவம்பரில் ஏழு நாள் இயற்கை வைத்திய முகாம் ஒன்றுக்குப் போனேன், 22,500 ரூபாய். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடை அங்கே என் கண்முன் இருந்தது, நான்தான் தவறாகப் படித்தேன். ஐந்தாம் நாள் காலையில் எனக்கு நன்றாக இருந்தது. வெறுமை ஒரு திரை விலகினாற்போல் விலகியது. பக்கத்து அறை அம்மாள் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்தேன், என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. வீட்டுக்கு வந்து மண்பட்டியும் சாம்பல் பூசணிச் சாறும்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன், காலையில் அதே சாற்றைக் குடித்தேன். பத்து நாளில் பழைய நிலைக்குப் போய்விட்டேன். முகாமில் இரவு 9 மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள், 5:30க்கு எழுப்புவார்கள், வெயில் ஏறும் நேரத்தில் தோட்டத்தில் எல்லோரோடும் நடக்கவைப்பார்கள், மூன்று வேளை பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள், காபி கிடையாது. ஏழு இரவும் தொடர்ந்து எட்டு மணி நேரம் தூங்கியிருந்தேன். அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. நீங்களும் ஊருக்கோ விடுமுறைக்கோ போன இடத்தில் மனம் தெளிந்திருந்தால், அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், யாரோடு இருந்தீர்கள், எவ்வளவு நேரம் வெளிச்சத்தில் இருந்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.

இப்படி ஒவ்வொன்றும் தோற்கும்போது பணம் போனதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று நேர்ந்தது. நடந்தால் சரியாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், என்னால் நடக்கக்கூட முடியவில்லை, ஆகவே குற்றம் என்னுடையது என்று மனம் தீர்ப்பு எழுதியது. நல்ல பழக்கங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குக் குற்ற உணர்வுதான் ஏறியது. ஒரு பொது மருத்துவரைப் பார்த்தேன். களைப்பு என்று மட்டும் சொன்னேன், வெறுமையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சத்து மாத்திரையும் பத்து நாளுக்குத் தூக்க மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். 4,500 ரூபாய்க்கு முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். அந்த அறிக்கையை ஒருவரிடமும் காட்டாமல் அலமாரியில் வைத்தேன். 2024 தொடக்கத்தில் விடிகிறபோதெல்லாம் விழிக்காமலே இருந்திருந்தால் தேவலை என்ற எண்ணம் வர ஆரம்பித்தது. இதை எழுதும்போது இன்றும் கை தயங்குகிறது. எழுதாமல் விட்டால் இதைப் படிக்கிறவர்களில் அப்படி நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வார்.

ஏப்ரலில் ஒரு மாலை. வேலைக்கு உட்காருவதற்கு முன் குக்கரில் பருப்பு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். விசில் வந்தது. மூன்று விசிலில் அணைக்க வேண்டும். கேட்டது, ஆனால் கையை நீட்டித் திருப்ப வேண்டும் என்பது எங்கோ தூரத்தில் இருந்தது. நான்கு, ஐந்து, ஆறு. மகன் கூடத்திலிருந்து ஓடிவந்து, எட்டிப் பார்த்து, அடுப்பை அணைத்தான். “அம்மா, குக்கர் சத்தம் கேட்கவில்லையா?” என்று கேட்டான். பிறகு அவனாகவே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒன்பது வயதுப் பிள்ளை என்னைக் கண்காணிக்கத் தொடங்கிவிட்டான் என்று அப்போது உறைத்தது. அன்றைய வேலை அதிகாலையில் முடிந்ததும் 14416 என்ற எண்ணுக்கு அழைத்தேன். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது, கட்டணம் கிடையாது, நாள் முழுவதும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். எதிர்முனையில் பேசிய பெண் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவில், இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்ப்பீர்களா, யாரை உடன் அழைத்துப் போவீர்கள் என்று கேட்டார். யாரை என்ற கேள்விக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. மறுநாள் தங்கையை நானே அழைத்தேன். அவள் மாலைக்குள் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

திருச்சியில் நான் பார்த்த மனநல மருத்துவர் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். பிஎச்கியூ-9 என்று பெயர். கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொந்தரவும் எத்தனை நாள் இருந்தது என்று 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. எனக்கு 18 வந்தது. இது இணையத்தில் தமிழிலேயே கிடைக்கிறது, வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். ஆனால் அது நோயை உறுதிப்படுத்தாது, மருத்துவரிடம் பேச்சைத் தொடங்க உதவும், அவ்வளவுதான். ஒன்பதாவது கேள்வி, இறந்துபோனால் தேவலை என்ற எண்ணமோ தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அந்த ஒரு கேள்விக்கு உங்கள் விடை பூஜ்யமாக இல்லாவிட்டால் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். அலமாரியில் கிடந்த அறிக்கையையும் கொண்டுபோயிருந்தேன். ஹீமோகுளோபின் 9.8தான், அது ரத்தசோகை. வைட்டமின் பி12 மிகக் குறைவு, தைராய்டு சரியாக இருந்தது. ரத்தசோகை, பி12 குறைபாடு, தைராய்டு சுரப்பு குறைவது ஆகிய மூன்றும் மனச்சோர்வு போலவே களைப்பையும் மந்தத்தையும் தரும் என்பதால் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. பெரிய பரிசோதனைத் தொகுப்பு எதுவும் தேவையில்லை, இந்தச் சில சோதனைகளும் அதைப் படித்துப் பார்க்க ஒரு மருத்துவரும் போதும்.

நான் அவரிடம், “நடக்கவில்லை, சாப்பிடவில்லை, அதனால்தான் இப்படி ஆகிவிட்டேன், எனக்குத் தெரியும்” என்று குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் சொன்னேன். அவர், “நடக்காததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் நடக்க முடியவில்லையா என்று இப்போது பிரிக்க வேண்டாம். இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்கும். முதலில் உங்களுக்கு எழுந்து நிற்கத் தெம்பு வரட்டும், பிறகு நடையைப் பற்றிப் பேசுவோம்” என்றார். அந்த வார்த்தையில் என் தோளிலிருந்து ஏதோ இறங்கியது. மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் என்ற மாத்திரையும் இரும்பு, பி12 மாத்திரைகளும் தந்தார். எல்லோருக்கும் மாத்திரை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. லேசான நிலையில் பேச்சு சிகிச்சையும் பழக்க மாற்றமும் போதுமானதாக இருக்கும், அதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மாத்திரையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். முதல் பத்து நாள் குமட்டலும் படபடப்பும் இருந்தது, நிறுத்திவிடலாமா என்று தினமும் நினைத்தேன். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாகும் என்று மருத்துவர் தாளில் எழுதிக்கொடுத்திருந்ததால்தான் பொறுத்தேன். தொடக்கத்தில் பதற்றமோ தப்பான எண்ணமோ கூடினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே அழைக்கச் சொல்லியிருந்தார். இந்த வகை மருந்து தூக்க மாத்திரைபோலப் பழக்கத்துக்கு அடிமையாக்குவது அல்ல. ஆனாலும் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரலாம், மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். “சரியாகிவிட்டதே, எதற்கு மாத்திரை” என்று வீட்டில் கேட்பார்கள். கேட்டார்கள்.

நான்காம் வாரம் ஒரு நாள் ரசத்தின் மணம் தெரிந்தது. அத்தனை நாள் அது தெரியாமல் இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சந்திப்பில்தான் மருத்துவர் பழக்கங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், அதுவும் தூக்கத்திலிருந்து. இரவுப் பணியை விட முடியுமா என்று கேட்டார். 4,500 ரூபாய் போகும் என்றேன். “இதுவரை எவ்வளவு போயிருக்கிறது?” என்று கேட்டார். அங்கேயே கூட்டினேன். உடற்பயிற்சிக் கூடம், பொடி, முகாம், பரிசோதனை சேர்த்து 66,000. எழ முடியாமல் விடுப்பு எடுத்துச் சம்பளம் பிடிக்கப்பட்ட 26 நாளுக்கு ஏறக்குறைய 27,000. மொத்தம் 93,000 ரூபாய். மாதம் அந்த 4,500க்காகத்தான் இரவில் விழித்திருந்தேன். மருத்துவரின் சான்றோடு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வாரம் இழுத்தடித்து, ஜூன் மாதம், வந்த தொகையைக் கணக்கில் பதிவு செய்யும் பேமென்ட் போஸ்டிங் பிரிவுக்குப் பகல் பணியில் மாற்றினார்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று ஒரு வருடம் பயந்திருந்தேன், கேட்காமலே. எல்லோருக்கும் மாற்றல் கிடைக்காது என்பதும் தெரியும். என்னோடு வேலை பார்த்த தோழி இன்னும் இரவுப் பணியில்தான் இருக்கிறாள். அவள் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டு, காலை 4 முதல் 11 வரை ஒரே நீட்டாகத் தூங்குகிறாள், பிள்ளையை வேனில் ஏற்றும் வேலையை அவள் கணவர் எடுத்துக்கொண்டார், விடுமுறை நாளிலும் நேரத்தை முழுக்கப் புரட்டிப்போடுவதில்லை. துண்டு துண்டாகத் தூங்குவதற்கு இது எவ்வளவோ மேல் என்கிறாள்.

பகல் பணிக்கு வந்த உடனே தூக்கம் வந்துவிடவில்லை. மருத்துவர் சொன்னது ஒன்றே ஒன்று: படுக்கும் நேரத்தை விட்டுவிடுங்கள், எழும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரவு எப்படிப் போயிருந்தாலும் ஆறு மணிக்கு எழுந்து வெளிச்சத்துக்குப் போக வேண்டும், மதியம் அரை மணிக்கு மேல் படுக்கக் கூடாது, பகல் இரண்டு மணிக்குப் பிறகு காபி கூடாது. காபியில் உள்ள கேஃபைனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம்போல ஆகும் என்றார். என் ஐந்து டம்ளரை நினைத்துக்கொண்டேன். காலை வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. மூன்றாம் வாரத்தில் பத்து மணிக்குக் கண் தானாகச் சொருகியது.

ஆறு மணிக்கு எழுந்து வெளியே போய் என்ன செய்வது என்று கேட்டபோது, முன்பு செய்து இப்போது விட்டுப்போனது எது என்று கேட்டார். கோலம் என்றேன். பிடிக்கிறதா என்று பார்க்காதீர்கள், பிடிப்பு பிறகு வரும், முதலில் செய்யுங்கள், மிகச் சிறியதாகச் செய்யுங்கள் என்றார். இதை ஒரு சிகிச்சை முறையாகவே வைத்திருக்கிறார்கள். ஆசை வந்த பிறகு செய்வோம் என்று காத்திருந்தால் இந்த நோயில் ஆசை வரவே வராது. மறுநாள் மூன்று புள்ளி. இழை நடுங்கியது, மாவு ஓரிடத்தில் கொட்டியும் ஓரிடத்தில் விட்டும் விழுந்தது. விரல் இடுக்கில் மாவைப் பிடித்து விடும் அளவே மறந்திருந்தது. மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்கு ஐந்து புள்ளி வை” என்று மட்டும் சொன்னார். ஒரு மாதம் கழித்து ஐந்துக்கு ஐந்து சிக்குக் கோலத்தில் இழை புறப்பட்ட புள்ளியிலேயே வந்து சேர்ந்தபோது எனக்குள் சின்னதாக ஒன்று அசைந்தது. கோலம்தான் என்னைக் குணமாக்கியது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது என்னை வெளிச்சத்தில் உட்காரவைத்தது, குனிந்து நிமிரவைத்தது, தெருவில் போகிறவர்கள் ஒரு வார்த்தை பேசும்படி செய்தது.

அப்படிப் பேசியவர்தான் எதிர்வீட்டு அக்கா. தினமும் வெள்ளைக் கோபுரம் வரை நடப்பவர், என்னையும் வரச் சொன்னார். முதல் வாரம் பத்து நிமிடம், தெருமுனை வரைதான். அவர் வாசலில் வந்து நிற்பார் என்பதால் போனேன், எனக்காகப் போகவில்லை. 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வுள்ள, ஐம்பது வயதைத் தாண்டிய 156 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 16 வார முடிவில், வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி செய்தவர்களும் மாத்திரை எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப்போடுபவர்கள் கவனிக்க வேண்டியது, அந்தப் பயிற்சி ஒரு குழுவாக, ஒருவர் கூட இருந்து செய்யவைத்தது. வருடச் சந்தா கட்டிவிட்டுத் தனியாகப் படியில் உட்கார்ந்திருந்த எனக்கு இல்லாமல் போனது அந்த ஒருவர்தான். காசு கட்டுவதற்கு முன் ஆள் தேடுங்கள்.

உணவில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட்டேன். மாலையில் மிக்சருக்குப் பதில் சுண்டல், வாரம் நான்கு நாள் கீரை, ரவையோடு கேழ்வரகும் கம்பும் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், மோசமான உணவுப் பழக்கமும் மனச்சோர்வும் உள்ள 67 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 வாரம் காய்கறி, பயறு, முழுத்தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் என்று உணவை மாற்ற உதவினார்கள். அவர்களில் 32 சதவீதம் பேர் நோயின் எல்லையைவிட்டு வெளியே வந்தார்கள், வெறும் பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். சிறிய ஆய்வுதான். பலர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்த சிகிச்சையோடு சேர்த்துத்தான் இதைச் செய்தார்கள். அதில் பொடி எதுவும் இல்லை, கடைத்தெருவில் கிடைக்கும் உணவுதான்.

கொஞ்சம் தெளிந்த பிறகு படித்த இன்னொரு ஆய்வு என்னை உலுக்கியது. 2023இல் வெளியானது, பிரிட்டனில் ஏறக்குறைய 2,90,000 பேரை ஒன்பது வருடம் தொடர்ந்து பார்த்தது. ஏழு பழக்கங்களில் பெரும்பாலானவற்றைக் கடைப்பிடித்தவர்களுக்கு, மிகக் குறைவாகக் கடைப்பிடித்தவர்களைவிட மனச்சோர்வு வரும் ஆபத்து 57 சதவீதம் குறைவு. பரம்பரை ஆபத்து உள்ளவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் முதலில் நிற்பது ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம், 22 சதவீதம். புகைபிடிக்காமை 20, மனிதர்களோடு அடிக்கடி பழகுவது 18, உடற்பயிற்சி 14, வெகுநேரம் உட்கார்ந்தே இல்லாமை 13, மதுவில் அளவு 11. கடைசியாக நல்ல உணவு, 6 சதவீதம். நான் மிக அதிகமாகச் செலவு செய்தது பட்டியலின் கடைசியில் இருப்பதற்கு. முதலில் இருப்பதை மாதம் 4,500 ரூபாய்க்குக் கொடுத்திருந்தேன். மூன்றாவதை, தங்கையின் அழைப்பை எடுக்காமல், சும்மாவே விட்டிருந்தேன். இன்னொன்றும் கவனித்தேன். அந்த ஆய்வு நோய் வராமல் இருப்பதைப் பற்றியது. ஏற்கெனவே விழுந்துவிட்டவரிடம் அந்தப் பட்டியலை நீட்டி ஏன் செய்யவில்லை என்று கேட்பதற்கு அது ஆதாரம் ஆகாது. இதை வீட்டில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். “எழுந்து நாலு எட்டு நட, எல்லாம் சரியாகும்” என்று சொல்லாதீர்கள். “செருப்பைப் போட்டுக்கொள், நானும் வருகிறேன்” என்று சொல்லுங்கள். என் கணவர் ஷார்ஜாவிலிருந்து செய்ததும் இதுதான். அறிவுரையை நிறுத்திவிட்டுத் தினமும் காலை நான் நடக்கும்போது அழைத்து, அவரும் அங்கே நடந்துகொண்டே பேசினார். அவருக்கு அப்போது மணி ஐந்துகூட ஆகியிருக்காது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 11 மாதச் சிகிச்சையில் மருத்துவர் கட்டணமும் மாத்திரையும் சேர்ந்து 9,000 ரூபாயைத் தாண்டவில்லை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போயிருந்தால் அதுவும் ஆகியிருக்காது, அங்கே ஆலோசனையும் மருந்தும் இலவசம் என்று பிறகுதான் தெரிந்தது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, உடல் நோய்க்குத் தருவதுபோல மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். ஆனால் என் பாலிசி உள்நோயாளிச் செலவை மட்டுமே தருவது என்பதால் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. உங்கள் பாலிசியில் புறநோயாளிச் செலவு உண்டா என்று முதலிலேயே பாருங்கள்.

2025 மார்ச்சில் மருத்துவர் மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்தினார். ஒரு முறை வந்தால் மறுபடி வர வாய்ப்பு உண்டு என்று சொல்லித்தான் நிறுத்தினார். அதனால் அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவான தூக்கம் தொடர்ந்து நான்கு நாள், தங்கையின் அழைப்பை ஒரு வாரமாக எடுக்காதது, கோலமாவு டப்பா மூன்று நாள் திறக்காமல் இருப்பது. இவற்றில் இரண்டு சேர்ந்துவிட்டால் மாமியார் என்னைக் கேட்காமலே தங்கையை அழைக்கலாம் என்று நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கீழே மருத்துவரின் எண்ணும் 14416ம் இருக்கின்றன. போன மாதம் காய்ச்சலில் மூன்று நாள் நான் வாசலுக்குப் போகவில்லை. மாமியார் மூன்றாம் நாள் மாலை தாளின் முன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்று, ஒன்றுதான் ஆகியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, எனக்குக் கஞ்சி வைக்கப் போனார்.